மூணு வரைபடமும் எங்க வீட்டு மதிலும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லிக்கலாம். ஆனா உண்மை அது இல்லை. எழுத ஒரு விஷயம் இருந்தது. எழுதலாமா வேணாமான்னு மாசக்கணக்கா மனசுக்குள்ள ஓடிட்டே இருந்தது. இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நமக்கு ஊரு அடி அண்ணாமலை. கிரிவலம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 14 கிலோமீட்டர்ல பாதியைத் தாண்டி, கால் கடுக்க ஆரம்பிக்கிற நேரத்துல அடி அண்ணாமலையார் கோயில் வரும். மாணிக்கவாசகருக்கும் தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவை பாடின இடம்னு சொல்வாங்க. பௌர்ணமி அன்னிக்கு நிக்க இடம் இருக்காது. மத்த நாள்ல நாயும் ஆடும்தான் ரோட்டுல. 2668 அடி மலைக்கு முதுகுப் பக்கம் எங்க ஊர். வெளியூர்க்காரங்க மலையைப் பார்த்து கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. மழை பேஞ்சா மலையிலேருந்து தண்ணி எந்தப் பக்கம் இறங்கும்னு பார்த்தே வளர்ந்தவன் நான். அப்படின்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

2025 ஆடி மாசம். சென்னையில இருக்கிற நண்பன் போன் பண்ணான். அவன் பொண்ணு சட்டம் படிச்சிட்டு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுது. தலைப்பு ‘பருவநிலைச் சட்டமும் ஆளுகையும்’. "உங்க ஊர்ல ஒரு மாசம் இருந்து வேலை பார்க்கணுமாம். நீ கூடவே இருடா"ன்னான். சட்டம் படிக்கிற பொண்ணுக்கு எங்க ஊர்ல என்ன வேலை, நூலகத்துல உட்கார்ந்து தீர்ப்பு படிக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். "அதை அவகிட்டயே கேளு"ன்னு வச்சிட்டான்.

பொண்ணு வந்தது. முதுகுல பை, கையில ஒரு கட்டு பேப்பர். நான் கேட்ட கேள்வியையே கேட்டேன். அது சொன்ன பதில்ல பாதி எனக்கு அன்னிக்குப் புரியல. புரிஞ்சதை எழுதறேன்.

"அங்கிள், 2024ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. ராஜஸ்தான், குஜராத் பக்கம் கானமயில்னு ஒரு பறவை அழிஞ்சிட்டிருக்கு. அதைக் காப்பாத்த மின்கம்பியைப் பூமிக்கடியில கொண்டு போகணுமா, சோலார் மின்சாரம் முக்கியமாங்கிற வழக்கு. அதுல, பருவநிலை மாற்றத்தோட பாதிப்புலேருந்து காக்கப்படுறதும் ஒரு உரிமைன்னு சொல்லிட்டாங்க. அரசியல் சாசனத்தோட 14, 21வது பிரிவுலேயே அது இருக்குன்னு சொன்னாங்க. சரி, உரிமை கிடைச்சாச்சு. அந்த உரிமை உங்க ஊர் ஏரிக்கரையில எப்படி இருக்கும்? யார்கிட்ட போய்க் கேக்கறது? அதைத் தெரிஞ்சிக்க சட்டப் புத்தகம் மட்டும் போதாது."

இது புது விஷயமும் இல்லைன்னு சொல்லிச்சு. நம்ம பக்கத்து வேலூரையே உதாரணம் காட்டிச்சு. 1989 வரைக்கும் நாங்களும் அவங்களும் ஒரே வடாற்காடு. பாலாத்துல தோல் கழிவு கலந்த வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. கெடுத்தவன் காசு கொடுக்கணும், சந்தேகம் இருந்தா முன்னாடியே தடுக்கணும்னு ரெண்டு விதியை இந்தியச் சட்டத்துக்குள்ள கொண்டாந்தது அந்தத் தீர்ப்பு. அப்புறம் யாருக்கு எவ்வளவு நஷ்டம்னு கணக்கெடுக்கத் தனியா ஒரு ஆணையம் போட்டாங்க. அந்த ஆணையம் 29,193 பேருக்கு இழப்பீடு கணக்குப் போட்டுச்சு. மொத்தம் 26 கோடியே 82 லட்ச ரூபாய். நீதிபதி தனியா உட்கார்ந்து இதைப் போட முடியுமா? மண்ணு தெரிஞ்சவர், கிணத்துத் தண்ணி தெரிஞ்சவர், விவசாயம் தெரிஞ்சவர், எல்லாரும் வேணும். 2010ல தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தப்ப நீதிபதிகளோட துறை வல்லுநர்களையும் உறுப்பினரா உட்கார வச்சதுக்குக் காரணமே இதுதானாம். 2016ல எங்க கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரம் வெட்டினப்ப விவகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போச்சு. எனக்கு அது ஏதோ கோர்ட்டுன்னுதான் தெரியும்.

சரி, முதல் நாள் கூத்துக்கு வருவோம்.

பேப்பர் கட்டுல கேள்வித்தாள். முதல் கேள்வி: "பருவநிலை மாற்றத்தால் தங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுள்ளது என்பதை ஏற்கிறீர்களா?" முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்தில்லை, ஏற்கவில்லை, சுத்தமாக ஏற்கவில்லைன்னு அஞ்சு கட்டம். நான் படிச்சுக் காட்டினேன். பன்னெண்டு வீட்டுலயும் "ஏற்கிறேன்". பதிமூணாவது வீட்டுல எங்க சொந்தக்கார ஆயா ஒண்ணு, வெத்தலைய மடிச்சிக்கினே சொல்லிச்சு: "எத எழுதனா ஒனக்கு மார்க்கு வருமோ அத எழுதிக்கோ கண்ணு."

அவ்வளவுதான். பொண்ணு அன்னிக்கு ராத்திரியே அந்தக் கட்டை மூட்டை கட்டி வச்சிடுச்சு. சிரிச்சிக்கிட்டே, "அங்கிள், நான் கேட்டது கேள்வியே இல்ல. பதிலை நானே வாயில ஊட்டி விட்டேன்"ன்னுச்சு.

மறுநாள் கேள்வி ஒண்ணே ஒண்ணு. "ஏரி கடைசியா எப்ப கோடி போச்சு?"

யாருக்கும் வருஷம் ஞாபகம் இல்லை. ஆனா "எம்பொண்ணு கல்யாணத்தப்ப பந்தக்கால் நட்ட எடத்துல தண்ணி ஊறிச்சு"ன்னு ஒருத்தர். "நான் பெரியவனப் பெத்துப் படுத்துக்கினு இருந்தேன், கோடி போற சத்தம் ராவெல்லாம் கேட்டுச்சு"ன்னு ஒருத்தங்க. பொண்ணு கல்யாணப் பத்திரிகையைத் தேடச் சொல்லி தேதி பார்க்கும். பள்ளிக்கூட சர்டிபிகேட்ல பிறந்த தேதி பார்க்கும். கோயில் கும்பாபிஷேகம், பஞ்சாயத்துத் தேர்தல், புயல், எல்லாத்தையும் வரிசையா ஒரு நீளப் பேப்பர்ல எழுதி, பக்கத்துல அரசாங்க மழைக் கணக்கை வச்சு ஒப்பிட்டுச்சு. பத்துல ஏழு பொருந்திச்சு. மீதி மூணுலதான் விஷயமே இருந்தது. அந்த வருஷங்கள்ல மழை நல்லா பேஞ்சிருக்கு. ஏரி கோடி போகலை. மழை வந்திருக்கு, தண்ணி ஏரிக்கு வரலை.

ஏரி பேரைச் சொல்ல மாட்டேன். காரணம் பின்னாடி புரியும்.

தண்ணி எங்க போச்சுன்னு தேட ஆரம்பிச்சோம். அதுக்கு அந்தப் பொண்ணு மூணு வரைபடம் வச்சிருந்தது. முதல்ல வருவாய்த்துறை புலப்படம். இப்ப அ-பதிவேடு, சிட்டா, புலப்படம் எல்லாம் இணையத்துலேயே எடுக்கலாம். ரெண்டாவது, செயற்கைக்கோள் படம், பழசும் புதுசும் மாத்தி மாத்தி பார்க்கிற மாதிரி. மூணாவதை நாங்களே போட்டோம். ஊர்ப் பெருசு ஒருத்தர், எனக்குப் பெரியப்பா முறை, முன்னாடி நடக்க நாங்க பின்னாடி. அவர் கம்பால காட்டுற இடத்தை எல்லாம் பொண்ணு குறிச்சுக்கும். சின்னப் பையனா இருக்கும்போது அவங்கப்பாவோட மடை திறக்கப் போனவர் அவர். யார் நிலத்துக்கு எத்தனை நாழி தண்ணி, வாய்க்கால் தூர் வார எந்த வீட்டுலேருந்து எத்தனை ஆள், வராதவனுக்கு என்ன தண்டம், எல்லாம் மனப்பாடம்.

இதைக் கேட்டதும் பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். எலினார் ஆஸ்ட்ரோம்னு ஒரு அம்மா, படிச்சது அரசியல் அறிவியல், 2009ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினாங்க. அதை வாங்கின முதல் பெண் அவங்கதான். பொதுச் சொத்துன்னா ஆளாளுக்குச் சுரண்டி அழிச்சிடுவாங்கன்னு எல்லாரும் சொல்லிட்டிருந்தப்ப, ஊர்க்காரங்களே விதி போட்டு நூத்துக்கணக்கான வருஷம் காப்பாத்தின பாசனங்களைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதினாங்களாம். "பெரியப்பா சொல்றதுதான் அவங்க புத்தகத்துல இருக்கு"ன்னு பொண்ணு சொல்ல, பெருசு கேட்டார்: "அந்தம்மா எந்த ஊரு ஏரி பாப்பா?" ஹி ஹி.

இப்ப அந்த விதி ஒண்ணும் இல்லை. ஏரி யாருதுன்னு ஒரு அட்டவணை போட்டோம் பாருங்க, தலை சுத்திடுச்சு. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத்துறை. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். நிலம் புறம்போக்கு, அது வருவாய்த்துறை. தண்ணி இறங்குற மலை வனத்துறை. குறுக்க ஓடுற ரோடு நெடுஞ்சாலைத்துறை. கோயில் நிலம் அறநிலையத்துறை. 2007ல ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற தமிழ்நாட்டுல தனிச் சட்டமே வந்தது. அது பொதுப்பணித்துறை கையில இருந்த ஏரிகளுக்கு. ஒன்றியத்துச் சின்ன ஏரிக்கு வேற சட்டம், 1905ஆம் வருஷத்துது. மலையில விழற ஒரு சொட்டுத் தண்ணி ஏரிக்கு வந்து சேர்றதுக்குள்ள அஞ்சாறு ஆபீஸ் எல்லையைத் தாண்டணும். தண்ணிக்கு இது தெரியாது.

இப்ப மாவட்டத்துக்கு மாவட்டம் பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கு. கலெக்டர் அதுக்கு இயக்குநர், மாவட்ட வன அலுவலர் பருவநிலை அலுவலர். இத்தனை ஆபீஸையும் ஒரே மேஜையில உட்கார வைக்கிற முயற்சின்னு பொண்ணு சொல்லிச்சு. அந்த மேஜைக்கு எங்க பெருசோட கம்பு எட்டுமாங்கிறதுதான் அதோட ஆராய்ச்சிக் கேள்வி.

2024 டிசம்பரை நான் சொல்லியே ஆகணும். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறிச்சு. டிசம்பர் 1 சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம், டவுன்ல, வ.உ.சி. நகர் மேல மண்ணும் பாறையும் சரிஞ்சுது. ஏழு பேர். அதுல அஞ்சு குழந்தைங்க. அந்த வாரம் எங்க ஊர்ல யாரும் சரியா சாப்பிடலை. நமக்கு மலைன்னா சாமி. சாமி மேலேருந்து இறங்கி வந்து குழந்தைங்களைக் கொல்லும்னு யார் நினைச்சா? அப்புறம் மண்ணியல் வல்லுநருங்க மலை ஏறிப் பார்த்தாங்க. 13ஆம் தேதி தீபத்துக்குப் பக்தருங்க யாரும் மலை ஏறக்கூடாதுன்னு முடிவாச்சு. கொப்பரையும் நெய்யும் சுமக்கிறவங்க, வேலைக்காரங்க மட்டும்தான். அந்த ஒரு முடிவுக்குப் பாறை தெரிஞ்சவங்க, போலீஸ், வனத்துறை, கோயில் எல்லாரும் ஒண்ணா உட்கார வேண்டியிருந்தது. ஏழு உயிர் போனப்புறம் உட்கார்ந்தாங்க.

இதுக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணமான்னு பொண்ணுகிட்ட கேட்டேன். உடனே ஆமான்னு சொல்லும்னு பார்த்தேன். சொல்லலை. 2015 டிசம்பர்ல சென்னையை முழுக அடிச்ச மழை இருக்கில்லையா, அதை விஞ்ஞானிகள் அலசிப் பார்த்து, பருவநிலை மாற்றத்தோட கை அதுல தெளிவாத் தெரியலைன்னு எழுதினாங்களாம். வேற எத்தனையோ மழையில, வெயில்ல தெளிவாத் தெரிஞ்சிருக்கு. அதுல தெரியலை. "கோர்ட் ஆமாவா இல்லையான்னு கேக்கும். விஞ்ஞானம் எத்தனை மடங்கு வாய்ப்புன்னு சொல்லும். நடுவுல நின்னு மொழிபெயர்க்க ஆள் வேணும்"ன்னுச்சு.

பெரு நாட்டுல ஒரு விவசாயி கதையும் சொல்லிச்சு. மலைக்கு மேல பனி உருகி ஏரி பெருகிட்டே போகுது, கீழ அவர் ஊர். ஜெர்மனியில ஒரு பெரிய மின்சாரக் கம்பெனி மேல அங்கேயே போய் 2015ல வழக்கு போட்டார். உலகத்துப் புகையில உன் பங்கு 0.47 சதவீதம், அந்த அளவுக்குத் தடுப்புச் செலவைக் கொடுன்னு. 2022ல ஜெர்மன் நீதிபதிங்களே வல்லுநர்களைக் கூட்டிட்டு பெருவுக்குப் போய் அந்த ஏரியைப் பார்த்தாங்க. 2025 மே மாசம் வழக்குத் தள்ளுபடி. அவர் வீட்டுக்கு வெள்ளம் வர வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னுட்டாங்க. ஆனா புகை விடுற கம்பெனி பதில் சொல்ல வேண்டி வரலாம்கிற கொள்கையை ஏத்துக்கிட்டாங்க. தோத்தும் ஜெயிச்ச கேஸு.

அந்த நீதிபதிங்க மாதிரி நாமளும் நேர்ல போய்ப் பார்ப்போம்னு சொல்லிட்டு, வாய்க்காலை மேலேருந்து கீழ வரைக்கும் நடந்தோம். பெருசு முன்னாடி. மலையடிவாரத்துல நல்லா இருந்தது வாய்க்கால். ரோட்டுக்கு அடியில குழாய் பாதி மண்ணு. அதைத் தாண்டி எங்க தெரு. அங்க பெருசு கம்பை ஊனி நின்னார். என்னைப் பார்த்தார். பொண்ணைப் பார்த்தார். "இங்கேருந்து அப்பிடிக்கா போவும்... எனுக்கு அவ்ளோ ஞாபகம் இல்ல பாப்பா. வெயிலாயிடுச்சு, போலாம்."

மடை திறந்த நாழிகை வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கிற மனுஷன்.

அன்னிக்கு சாயங்காலம் பொண்ணு தயங்கித் தயங்கி சொல்லிச்சு: "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குப் பெரியப்பாகிட்ட நான் மட்டும் போய்ப் பேசிட்டு வர்றேன்." எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு மாசமா வெயில்ல கூடவே சுத்தறேன், என்னை வேணாம்னா? கேட்டேன். "யார் பக்கத்துல இருக்காங்கங்கிறதும் பதில்ல வந்துடும் அங்கிள்"னு மட்டும் சொல்லிச்சு. மேல எவ்வளவு கேட்டும் வாயே திறக்கலை. சொன்னவங்க பேரையும் சொன்னதையும் வெளிய சொல்லக்கூடாதுங்கிறது அவங்க தொழில்ல சத்தியம் மாதிரி.

ராத்திரி தூக்கம் வரலை. எழுந்து பீரோவைத் திறந்து அப்பா வாங்கின மனைப் பத்திரத்தை எடுத்தேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட முழுசாப் படிச்சதில்லை. செக்குபந்தியில நாலு எல்லை. கிழக்கே இன்னார் மனை, தெற்கே தெரு, மேற்கே இன்னார் மனை. வடக்கே ஓடைப் புறம்போக்கு.

எங்க வீட்டுக்கு வடக்கே ஓடை கிடையாது. மதில் இருக்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மதில்.

விடிஞ்சதும் டேப்பை எடுத்து அளந்தேன். பத்திரத்துல இருக்கிற நீளத்தைவிட எட்டு அடி அதிகம். அந்த எட்டு அடியிலதான் அம்மாவோட துளசி மாடம், தண்ணித் தொட்டி, நான் கிரிக்கெட் ஆடின சந்து. அப்பா திருடர் இல்லைங்க. ஓடையில வருஷத்துக்குப் பத்து நாள்தான் தண்ணி வரும், எல்லாரும் கட்றான், நாமளும் கட்டலாம்னு கட்டியிருப்பார். எதிர்ப்பக்கத்துக்காரரும் அப்படியே. ஆளுக்கு எட்டு அடி. ஓடை காணாமப் போக ரெண்டு நல்ல மனுஷங்க போதும்.

2024 டிசம்பர் மழையில கீழத் தெருவுல தண்ணி ஏறிச்சு. பெருசோட வீட்டுல விதை நெல்லு மூட்டை நாலு நனைஞ்சு முளைச்சுப் போச்சு. நான்தான் அன்னிக்கு டார்ச் பிடிச்சிக்கிட்டுப் போய் அந்த மூட்டையைத் தூக்க உதவி பண்ணேன். "காலம் கெட்டுப் போச்சு பெரியப்பா, எல்லாம் பருவநிலை மாற்றம்"னு வேற சொல்லிட்டு வந்தேன். அவர் ஒண்ணும் சொல்லலை.

பொண்ணுகிட்ட பத்திரத்தைக் காட்டினேன். புலப்படத்தைப் பார்த்து அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. சொல்லலை. "உங்க விவரம் வேணாம்னா எடுத்துடறேன் அங்கிள், அது உங்க உரிமை"ன்னுச்சு. சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டேன். நீர்நிலையில எதுவும் இருக்கக்கூடாதுன்னு 2001ல உச்ச நீதிமன்றமும் 2005ல சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிடுச்சு, அதுல சந்தேகமே இல்லைன்னுச்சு. ஆனா நடைமுறையில முதல்ல இடிக்கிறது ஏரிக்கரையில வேற போக்கிடம் இல்லாதவன் போட்ட குடிசையை. பட்டா வச்சிருக்கிற என்னை மாதிரி ஆளோட எட்டு அடி எந்தக் கணக்குலயும் வராது. "தீர்ப்பைப் படிச்சா முதல் பாதிதான் தெரியும். ரெண்டாவது பாதிக்குத்தான் இங்க வந்தேன்."

எடுக்க வேணாம்மா, இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

அப்புறம் பெருசைப் போய்ப் பார்த்தேன். "நம்ம செவுரு ஓடையில இருக்கு பெரியப்பா"ன்னேன். "தெரியும்டா. உங்கப்பன் கடக்கால் எடுக்கறப்பவே சொன்னேன். பாத்துக்கலாம்ணேன்னான். செத்தவனப் பத்தி அந்தப் பாப்பாகிட்ட, அதுவும் ஒன்ன வச்சிக்கினு, எப்பிட்றா சொல்லுவேன்?"

நிலத்தை அளந்து கொடுக்கச் சொல்லிப் பணம் கட்டி மனு போட்டிருக்கேன். அம்மா ஒரு வாரம் பேசலை. "ஒங்கப்பா வச்ச செவுரு"ங்கிறாங்க. எதிர்ப்பக்கத்துக்காரர் "நீ மொதல்ல இடி, அப்புறம் பாக்கலாம்"ங்கிறார். நியாயம்தான். நான் மட்டும் இடிச்சா பாதி ஓடைதான் வரும். பாதி ஓடையில முழுத் தண்ணி போகாது. ஆனாலும் துளசி மாடத்தை முன் வாசலுக்கு மாத்தியாச்சு. அம்மாவேதான் மாத்தினாங்க, பேசாமலே.

பொண்ணு ஊருக்குப் போயிடுச்சு. எழுதிட்டிருக்கு. அதுல எங்க ஊருக்கு வேற பேரு, எனக்கும் வேற பேரு.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு என்னைத் திட்டறவங்க தாராளமாத் திட்டலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க வீட்டுப் பத்திரத்தை எடுத்து செக்குபந்தியைப் படிச்சிட்டு வந்துடுங்க. நாலு எல்லையில எங்கயாவது ஓடை, வாய்க்கால், ஏரின்னு இருந்தா, வெளிய போய் அது அங்க இருக்கான்னு பாருங்க.